புளிப்புச் செர்ரி: சரியான பழத்தை வாங்குவது முதல் அளவாகச் சாப்பிடுவது வரை

என் அண்ணன் கடலூர் முதுநகரில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நள்ளிரவில் அவருடைய வலது கால் பெருவிரல் திடீரென வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை பட்டாலே கத்தும் அளவுக்கு வலி. காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் யூரிக் ஆசிட் 9-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் கௌட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் வலி நோய்) என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் “செர்ரி சாப்பிடு, செர்ரி சாப்பிடு” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனும் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் கால் கிலோ சிவப்புச் செர்ரி வாங்கி வந்து, தினமும் பத்து பத்தாக மென்றுகொண்டிருந்தார்.

அவர் வாங்கியது கேக்கின் மேலே வைக்கும் பேக்கரி செர்ரி. அதாவது, சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது உடம்பில் உடையும்போது யூரிக் ஆசிட் கூடும். நோயைக் குறைக்க என்று நம்பி, அதைக் கூட்டுகிற பொருளை அவர் இரண்டு வாரம் சாப்பிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து இதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு புளிப்புச் செர்ரியைச் சாப்பிட நினைப்பவர் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

1. எந்தச் செர்ரி என்று முதலில் பாருங்கள்

நம் பக்கத்தில் செர்ரி என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு பழங்கள் புழங்குகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பேக்கரியிலும் ஸ்வீட் பீடாவிலும் இருப்பது பெரும்பாலும் களாக்காய். பன்னில் வருகிற டூட்டி ஃப்ரூட்டி எப்படிப் பப்பாளிக்காயோ, அப்படித்தான் இதுவும். களாக்காய் நல்ல காய்தான். ஆனால் பாகில் கொதித்து ஊறிய பிறகு அதில் மிஞ்சுவது சர்க்கரையும் நிறமும்தான்.

மே முதல் ஜூலை வரை பழக்கடைகளில் சின்ன அட்டைப்பெட்டியில் வருவது காஷ்மீர், இமாசலச் செர்ரி. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போனால் சீசனில் கண்ணில் படும். அது நிஜமான செர்ரிதான், ஆனால் இனிப்பு வகை. தாவரவியல் பெயர் ப்ரூனஸ் ஏவியம்.

சில வீட்டுத் தோட்டங்களில் செக்கச்செவேலென்று காய்த்துத் தொங்குவது பார்படோஸ் செர்ரி, அசெரோலா என்றும் சொல்வார்கள். வைட்டமின் சி அதில் அசாத்தியமாக உண்டு, 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல். ஆனால் அது வேறு குடும்பத்துச் செடி. செர்ரி பற்றிய ஆராய்ச்சி எதையும் அதன் கணக்கில் எழுத முடியாது.

நான்காவதுதான் நாம் பேசுவது: புளிப்புச் செர்ரி, ப்ரூனஸ் செராசஸ். தூக்கம், கௌட், தசை வலி என்று செய்திகளில் வருகிற ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பழத்தில், அதிலும் மான்ட்மோரன்சி என்ற ரகத்தில் நடந்தவை. அந்தப் பெயர் பாரிஸுக்கு வடக்கே இருக்கும் மோன்மொரான்சி என்ற ஊரின் பெயர். இன்று அதை அதிகம் விளைவிப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். துருக்கியில் இதே இனத்துப் பழத்தை விஷ்னே என்றும், ஈரானில் ஆல்பாலு என்றும் சொல்கிறார்கள். ஈரானியர்கள் இதைச் சோற்றோடு சேர்த்தே சமைக்கிறார்கள். பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கிற புதுச்சேரி வீடுகளில் ‘கிரியோத்’ என்று ஒரு கண்ணாடி ஜாடி வந்து இறங்கும். அதுவும் இந்தப் பழம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஜாடிகளில் பாதி சர்க்கரைப் பாகு, சிலவற்றில் மதுவில் ஊறிய பழம். எடுத்து வாயில் போடும் முன் லேபிளை வாசிக்கச் சொல்லுங்கள்.

பச்சையாக இந்தப் பழம் நம் ஊருக்கு வராது. மரத்துக்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். பழத்தின் தோலும் மிக மெல்லியது. மரத்தை இயந்திரத்தால் உலுக்கிப் பறித்து, உடனே கொட்டை எடுத்து உறைய வைக்கவோ சாறு பிழியவோ அனுப்பிவிடுகிறார்கள். அதனால் நமக்குக் கிடைப்பவை மூன்று வடிவங்கள்: உறைந்த பழம், சாறு அல்லது அடர்சாறு, உலர்ந்த பழம். மாத்திரை வடிவத்திலும் விற்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனியின் மாத்திரையிலும் எவ்வளவு பழம் இருக்கிறது என்று ஒப்பிடவே முடிவதில்லை. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

2. இதில் என்ன இருக்கிறது, எதற்கு உதவும்

100 கிராம் புளிப்புச் செர்ரியில் சுமார் 50 கலோரி, 8.5 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் வைட்டமின் சி, 173 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கின்றன. இனிப்புச் செர்ரியில் சர்க்கரை 13 கிராமுக்குப் பக்கத்தில். இந்த எண்களில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை, கொய்யாப்பழம் இதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும். விசேஷம் அந்தச் சிவப்பு நிறத்தில் இருக்கிறது. ஆந்தோசயனின் என்ற நிறமிகள், குறிப்பாகச் சயனிடின் வகை, இதில் நிறைய. உடம்பில் வீக்கத்தையும் வலியையும் தூண்டுகிற சில வேதிப்பொருட்கள் உருவாவதை இவை மட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

*கௌட்.* எங்கள் வீட்டுப் பிரச்சினை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8-ஐத் தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாமல் ஊசி ஊசியான உப்புப் படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். உடம்பு அந்தப் படிகத்தை எதிர்த்துச் சண்டை போடும்போதுதான் அந்த வீக்கமும் வலியும். அதனால்தான் டாக்டர்கள் 6-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள்.

செர்ரிக்கும் கௌட்டுக்கும் உள்ள தொடர்பு 1950-லேயே பேசப்பட்டது. டெக்சாஸைச் சேர்ந்த லுட்விக் பிளாவ் என்பவர் செர்ரி சாப்பிட்ட 12 பேருக்கு வலி குறைந்ததாக எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்கச் செர்ரி சாப்பிடாத இன்னொரு குழு இல்லாததால் அதை ஒரு தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும். 2012-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 633 கௌட் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்கே வலி வந்த நாட்களையும் வராத நாட்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. முந்தைய இரண்டு நாட்களில் செர்ரி சாப்பிட்டிருந்தால் வலி வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் செர்ரியும் சேர்ந்தபோது 75 சதவீதம் குறைவு.

இந்த இடத்தில் நிறையப் பேர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்து படியுங்கள். 2020-இல் நியூசிலாந்தில் 50 கௌட் நோயாளிகளுக்கு வெவ்வேறு அளவில் செர்ரி அடர்சாற்றை 28 நாள் கொடுத்துச் சோதித்தார்கள். யூரிக் ஆசிட் அளவு குறையவில்லை. முதல் ஆய்வு, மக்கள் தாங்களாகச் சொன்னதை வைத்து நடந்தது. இரண்டாவது, கொடுத்து அளந்து பார்த்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: செர்ரி வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், வலி வருவதைக் குறைக்கலாம். ஆனால் ரத்தத்தில் இருக்கும் யூரிக் ஆசிடைக் கீழே இறக்கும் வேலையை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. அந்த வேலை மாத்திரையுடையது.

அண்ணன் நல்ல செர்ரிச் சாறு கிடைத்த சந்தோஷத்தில் என்னிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். “ஜூஸ்தான் குடிக்கிறேனே, அப்புறம் எதுக்கும்மா மாத்திரை?” என்றார். சில வாரங்களில் மறுபடி விரல் வீங்கி, மூன்று நாள் கழிவறைக்குக்கூட நகர்ந்து நகர்ந்துதான் போனார். அதைப் பார்த்தவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

*தூக்கம்.* பழத்திலேயே மெலடோனின் இருக்கிறது என்பது உண்மை. 2001-இல் அளந்தபோது மான்ட்மோரன்சியில் ஒரு கிராமுக்குச் சுமார் 13 நானோகிராம் இருந்தது. 100 கிராம் பழத்துக்குக் கணக்கிட்டால் 1.3 மைக்ரோகிராம்தான் வரும். கடையில் விற்கும் 3 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரையில் இதைப்போல 2,000 மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆகவே “இயற்கைத் தூக்க மாத்திரை” என்று சொல்வது மிகை. ஆனாலும் பலன் கொஞ்சம் தெரிகிறது. 2010-இல் தூக்கமின்மை உள்ள 15 முதியவர்களுக்கு இரண்டு வாரம் காலையும் மாலையும் சாறு கொடுத்தபோது தொல்லை ஓரளவு குறைந்தது. 2012-இல் 20 ஆரோக்கியமானவர்களுக்கு ஏழு நாள் அடர்சாறு கொடுத்ததில் தூங்கிய நேரம் கூடியது. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில் 84 நிமிடம் கூடியதாகச் சொன்னார்கள், ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 8 பேர்தான். ஆய்வுகள் எல்லாம் சின்னவை என்பதை மறக்க வேண்டாம். மெலடோனின் தவிர, தூக்கத்துக்குத் தேவையான ட்ரிப்டோஃபான் சீக்கிரம் சிதையாமல் செர்ரியில் உள்ள சில பொருட்கள் காப்பதாகவும் ஒரு விளக்கம் இருக்கிறது.

*தசை வலி.* என் மனதுக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்தப் பகுதிதான். 2006-இல் 14 பேருக்கு எட்டு நாள் சாறு கொடுத்துக் கைத்தசைக்குக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். சாறு குடிக்காதபோது தசை வலிமை 22 சதவீதம் குறைந்தது, குடித்தபோது 4 சதவீதம். 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடர் ஓட்டம் ஓடிய 54 பேரிடம் சோதித்ததிலும், சாறு குடித்தவர்களுக்கு வலி குறைவாகக் கூடியது. பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் ஓடுகிற புதுச்சேரி நண்பர்களுக்கும், கடற்கரைச் சாலையில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகுபவர்களுக்கும் இது உதவும். மாலை நடைக்கு வெளியே வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இதற்கென்று செலவு செய்யத் தேவையில்லை.

*ரத்த அழுத்தம்.* 60 மில்லி அடர்சாறு குடித்த சில மணி நேரத்துக்குள், பிரஷர் அளவில் மேலே வரும் எண் சுமார் 7 புள்ளி இறங்கியதாக 15 பேரிடம் நடந்த ஒரு சோதனை உண்டு. அதை வைத்துப் பிரஷர் மாத்திரையைத் தொடக்கூடாது. இத்தோடு விடுகிறேன்.

புற்றுநோயைக் குணப்படுத்தும், மூட்டு வாதத்தை ஒழிக்கும் என்றெல்லாம் யாராவது எழுதினால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படி விளம்பரம் செய்த 29 செர்ரிக் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பழம் விளையும் நாட்டிலேயே அந்தப் பேச்சுக்கு அனுமதி இல்லை.

3. வாங்கும் முன் உங்கள் உடம்பைக் கேளுங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாறு பக்கமே போகாமல் உறைந்த பழத்தோடு நிற்பது நல்லது. சர்க்கரை சேர்க்காத ஒரு டம்ளர் சாற்றில், அதாவது 240 மில்லியில், 25 முதல் 33 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ஆறு முதல் எட்டு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். ஆய்வுகளில் செய்ததுபோல இரண்டு வேளை குடித்தால் அதன் இரு மடங்கு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு மடக்கும் குடிக்க வேண்டாம். அந்த ஒரு டம்ளர் சாற்றில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் வரும், ஒரு நடுத்தர வாழைப்பழம் அளவுக்கு. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. கௌட் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் லேசாகப் பழுதாகியிருக்கும், அவர்களுக்கே தெரியாமல். அதனால் யூரிக் ஆசிட் பார்க்கும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஜிப்மரோ, அரசு மருத்துவமனையோ, பக்கத்து லேபோ எங்கே பார்த்தாலும் சரி.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், வேறு நாள்பட்ட மருந்துகள் சாப்பிடுபவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வயிறு சட்டென்று உப்பும் ஆட்களும் கவனிக்க வேண்டும். செர்ரியில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இயல்பாகவே இருக்கிறது, அது அதிகமானால் வயிறு பொருமும், பேதியாகும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் எடுக்கக்கூடாது.

4. கடையிலும் ஆன்லைனிலும் பார்க்க வேண்டியவை

பாட்டிலின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுத் திருப்பிப் பொருட்கள் பட்டியலை வாசியுங்கள். நல்ல அடர்சாறு என்றால் அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: புளிப்புச் செர்ரி அடர்சாறு. ‘டார்ட்’ அல்லது ‘சவர்’ என்ற சொல்லோ, மான்ட்மோரன்சி என்ற பெயரோ, ப்ரூனஸ் செராசஸ் என்ற தாவரப் பெயரோ இருக்க வேண்டும். வெறும் செர்ரி என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்தச் செர்ரி என்று தெரியாது. ஆப்பிள் சாறும் திராட்சைச் சாறும் முதலில் வந்து, செர்ரி கடைசியில் வந்தால் நீங்கள் ஆப்பிள் ஜூஸுக்குச் செர்ரி விலை கொடுக்கிறீர்கள். பட்டியல் எப்போதும் அதிகம் உள்ளதில் தொடங்கிக் குறைவானதில் முடியும்.

செர்ரி சிரப், செர்ரி ஸ்குவாஷ், செர்ரி சுவை என்றெல்லாம் இருப்பவை வேறு சரக்கு. நானே ஒருமுறை அவசரத்தில் ஒரு பாட்டில் ஆர்டர் செய்துவிட்டேன். வந்து பார்த்தால் சர்க்கரை, தண்ணீர், நிறம், மணம், கடைசி வரியில் 5 சதவீதம் பழச்சாறு. அன்றிலிருந்து பின்பக்க லேபிளின் படம் போடாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள், தள்ளுபடியில் வரும் பாட்டில்களில் அது பெரும்பாலும் பக்கத்தில் வந்திருக்கும்.

உலர்ந்த புளிப்புச் செர்ரியில் அநேகமாக எப்போதும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், புளிப்பு அப்படி. ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம், கிட்டத்தட்ட 20 கிராம் சர்க்கரை. சர்க்கரை சேர்க்காதது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். நம் கடற்கரைக் காற்றில் அது பிரித்த சில நாளிலேயே பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

என் தேர்வு கொட்டை எடுத்த, சர்க்கரை சேர்க்காத உறைந்த பழம். நார்ச்சத்து போகாமல் இருக்கிறது, சர்க்கரை குறைவு. ஒரே கஷ்டம் அதைக் கொண்டுவருவது. ஆன்லைனில் உறைந்த உணவு விற்கும் எல்லாரும் கடலூருக்கு அனுப்புவதில்லை. புதுச்சேரியில் உள்ள பெரிய சூப்பர் மார்க்கெட்டின் ஃப்ரீசரில் தேடிப் பார்த்து, ஐஸ் பெட்டியோடு போய் வாங்குவதுதான் வழி. இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் சித்திரை வெயிலில் பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் வீடு சேரும்போது சாறாகியிருக்கும். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள், அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

5. எவ்வளவு, எப்போது

ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டது இரண்டு அளவுகள்: 240 மில்லி சாறு இரண்டு வேளை, அல்லது 30 மில்லி அடர்சாற்றில் தண்ணீர் கலந்து இரண்டு வேளை. 30 மில்லி அடர்சாறு சுமார் 90 பழங்களைப் பிழிந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதில் 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும். பழமாகச் சாப்பிடுபவர்கள் ஒரு நாளைக்கு 100 கிராமில் தொடங்கலாம்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் ஏற்கெனவே சோறும் இட்லியும் காபிச் சர்க்கரையும் இருப்பதால், நான் சொல்வது இதுதான்: முதல் வாரம் அடர்சாறு 15 மில்லி, ஒரே ஒரு வேளை. மூன்று டீஸ்பூன். வயிறு ஒத்துக்கொண்டால் 30 மில்லி. இரண்டு வேளை தேவைப்பட்டால், அந்தச் சர்க்கரைக்கு ஈடாக அன்றைய நாளில் வேறு எதையாவது குறையுங்கள்.

தூக்கத்துக்காக என்றால் 2012 ஆய்வில் செய்ததுபோல எழுந்த அரை மணிக்குள் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒன்று. நெஞ்செரிச்சல்காரர்கள் காலை வேளையைப் பலகாரத்துக்குப் பின்னால் தள்ளிவையுங்கள். ஒரு வேளை மட்டும் என்றால் இரவு வேளையை வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் நிறையக் குடித்தால் நடுராத்திரியில் சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டிவரும், வந்த தூக்கமும் போகும்.

ஓட்டப் பந்தயத்துக்கு என்றால் வருடம் முழுவதும் வேண்டாம். நான்கைந்து நாள் முன்பு தொடங்கி, ஓடும் நாள், அதற்குப் பிந்திய இரண்டு நாள் வரை போதும்.

கௌட்டுக்கு என்றால், மாத்திரை அதன் போக்கில் இருக்க, செர்ரி தினமும் சின்ன அளவில். வலி வந்த பிறகு பாட்டிலைக் காலி செய்து பயனில்லை. அப்போது தேவை டாக்டர் சொன்ன கோல்சிசினோ வேறு வலி மருந்தோதான். கூடவே நெத்திலி, மத்தி, இறால், ஈரல், பீர் ஆகியவற்றைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு நெத்திலி இல்லாத வாரம் வாரமாகத் தோன்றாது, எனக்கும்தான். அண்ணனுக்கு டாக்டர் மீனை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை, குறைக்கச் சொன்னார். பீரை மட்டும் முழுக்க நிறுத்தச் சொன்னார். சனிக்கிழமைகளில் புதுச்சேரி எல்லைக்குப் போய் வரும் பழக்கத்தை அவர் விட்டதில் கிடைத்த பலன், செர்ரியில் கிடைத்ததைவிடப் பெரியது என்றே நான் நினைக்கிறேன்.

6. சாப்பிடும் விதம்

உறைந்த பழத்தை இரவே ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும். அடியில் தேங்கும் சிவப்புச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், அதிலும் நிறமி இருக்கிறது. கெட்டித் தயிரில் போட்டு, நாலைந்து பண்ருட்டி முந்திரியை உடைத்துச் சேர்த்தால் புளிப்பு அடங்கி நன்றாக இருக்கும். தேன், வெல்லம் சேர்க்க ஆரம்பித்தால் கணக்கு மறுபடி மேலே போய்விடும்.

அடர்சாற்றுக்கு எங்கள் வீட்டு முறை: அரை டீஸ்பூன் சப்ஜா விதையைக் கால் மணி ஊறவைத்து, ஒரு டம்ளர் பானைத் தண்ணீரில் போட்டு, அடர்சாற்றை ஊற்றிக் கலக்குவது. கத்திரி வெயிலில் இது இறங்கும் சுகமே தனி. அடர்சாற்றைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே குடிக்க வேண்டாம், பல் கூசும். குடித்த பிறகு வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள். அமிலம் பட்ட பல்லில் பிரஷ் போட்டால் எனாமல் தேயும்.

கொட்டையோடு கிடைத்தால் கொட்டையைக் கடிக்காதீர்கள். மிக்சியில் கொட்டையோடு அரைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, அது உடைந்தால் சயனைடு வரும். தெரியாமல் ஒரு கொட்டையை முழுதாக விழுங்கினால் விஷத்துக்குப் பயப்பட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் தொண்டையில் சிக்கும் என்பதால் கொட்டை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

7. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்

விலை உயர்ந்த பொருள் இது. உங்களுக்குப் பலிக்கிறதா என்று தெரியாமல் வருடக்கணக்கில் வாங்க வேண்டியதில்லை. தொடங்கும் முன் ஒரு வாரம் செர்ரி சாப்பிடாமலேயே நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், மூட்டு வலி பத்துக்கு எத்தனை. அப்புறம் 30 நாள் செர்ரியோடு எழுதுங்கள். அந்த நாட்களில் வேறு புதுப் பழக்கம் எதையும் ஆரம்பிக்காதீர்கள், இல்லாவிட்டால் எது உதவியது என்று பிரிக்க முடியாது. சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்து அதையும் எழுத வேண்டும். முடிவில் யூரிக் ஆசிடைப் பார்க்கும்போது அது இறங்காமல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், மேலே சொன்ன நியூசிலாந்து ஆய்விலும் அதுதான் நடந்தது. வலி வந்த நாட்கள் குறைந்தனவா என்று பாருங்கள்.

அம்மாவுக்குத் தூக்கத்துக்காக இதே போல ஒரு மாதம் பார்த்தோம். நோட்டில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக் காபியை நிறுத்தியதும் தெரிந்தது. அவருக்குச் செர்ரி வாங்குவதை விட்டுவிட்டோம்.

8. செர்ரி கட்டுப்படியாகவில்லை என்றால்

நாவல் பழம் இருக்கிறது. ஆனி, ஆடியில் கூடைக்காரம்மாக்கள் உப்புத் தூவி விற்கும் அந்தக் கருநீலப் பழத்தின் நிறமும் ஆந்தோசயனின்தான், டெல்ஃபினிடின், பெட்யூனிடின், மால்விடின் என்ற வேறு வகைகள். கௌட்டுக்கோ தூக்கத்துக்கோ செர்ரி அளவுக்கு நாவலை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே “நம்ம ஊர் செர்ரி” என்று அதே பலனைச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். நல்ல பழம், மலிவு, சீசனில் ஒரு கிண்ணம் சாப்பிட மருத்துவக் காரணம் எதுவும் தேவையில்லை.

களாக்காயும் அப்படியே. முந்திரிக்காட்டு வேலி ஓரங்களில் பழுத்துக் கறுக்கும் களாப்பழத்தைப் பாகில் போடாமல், அப்படியே உப்பு மிளகாய்த்தூளோடு சாப்பிட்டவர்களுக்கு அதன் ருசி தெரியும். அண்ணன் கால் கிலோ வாங்கி ஏமாந்த அதே காய்தான். இப்போது சீசனில் அவருக்கு அதை நான் பழமாகவே வாங்கிக் கொடுக்கிறேன். ஃப்ரிட்ஜில் செர்ரி அடர்சாறு ஒரு பாட்டில் இருக்கிறது, அதன் மூடியில் ரப்பர் பேண்டு போட்டு மாத்திரை அட்டையைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார் அண்ணி. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு, அந்த அட்டையை ஃப்ரிட்ஜில் வைக்கத் தடையில்லை என்று உறுதி செய்துகொண்டுதான்.